வாடகை வீடு தேடுறீங்களா? ஆதாரை ஊர் பூரா அனுப்பாம, பிளாக்செயின் முத்திரையோட பாதுகாப்பா குடியேறுவது எப்படி

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சென்னையில தனியா வீடு தேடினேன். புரோக்கர் கமிஷன் மிச்சமாகுமேன்னு "ஓனர் நேரடி" ஆப் ஒண்ணுல பதிவு பண்ணி, கேட்டவங்க எல்லாருக்கும் ஆதார் ரெண்டு பக்கம், பான் கார்டு, மூணு மாச சேலரி ஸ்லிப், ஆபீஸ் ஐடி எல்லாத்தையும் வாட்ஸ்அப்ல அனுப்பினேன். மொத்தம் 11 பேருக்கு அனுப்பியிருக்கேன், கெடச்ச வீடு ஒண்ணு. மீதி 10 பேர் போன்ல என் காகிதம் இன்னும் இருக்கும். அதுல சில பேர் ஓனரே இல்ல, ஓனர் மாதிரி பேசின புரோக்கருங்க. நாலு மாசம் கழிச்சு நான் வாங்காத கடனை கட்டச் சொல்லி போன் வர ஆரம்பிச்சுது, செக் பண்ணினா என் பேர்ல எனக்கே தெரியாத 2 சிம். யார்கிட்ட இருந்து போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் என்னால சொல்ல முடியல, ஏன்னா 11 பேருக்கும் நான் அனுப்பினது ஒரே மாதிரி காப்பி.

அந்த வீட்டை காலி பண்ணும்போது இன்னொரு அடி. குடி போன அன்னிக்கே பாத்ரூம் சுவத்துல ஓதம் இருந்துச்சு, படம் எடுத்து வெச்சிருந்தேன், ஆனா "இது நீ குடி வந்த அப்புறம் எடுத்த படம்மா"ன்னு சொல்லி அட்வான்ஸ்ல 40,000 பிடிச்சுட்டாங்க. எடுத்த தேதியை நிரூபிக்க எனக்கு வழி தெரியல.

மறைக்க வேண்டியதை மறைக்கல, நிரூபிக்க வேண்டியதை நிரூபிக்க முடியல. இந்த ரெண்டுக்கும் சேர்த்து ஒரு வழியை படிச்சுப் படிச்சு கத்துக்கிட்டு இந்த வருஷம் மடிப்பாக்கத்துல வீடு மாறும்போது அப்படியே செஞ்சேன், 9 நாள்ல முடிஞ்சுது. அதைத்தான் வரிசையா எழுதறேன். சட்டம் பத்தி சொல்றதெல்லாம் தமிழ்நாட்டுக்கு, பெங்களூர் ஹைதராபாத்ல இருக்கறவங்க உங்க மாநில வாடகைச் சட்டத்தை தனியா பாத்துக்கோங்க.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன். பிளாக்செயின்ங்கறது பல கம்ப்யூட்டர்ல ஒரே மாதிரி காப்பியா இருக்கற கணக்குப் புத்தகம், பிளாக்னு சொல்ற பக்கங்கள் சங்கிலி மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கும். ஆனா அதை நம்ம டாக்குமென்ட்டை எல்லாம் கொண்டு போய் பத்திரமா பூட்டி வெக்கிற லாக்கர்னு நிறைய பேர் நினைக்கறாங்க. பொதுச் சங்கிலியில போடற எதுவும் ஊரே படிக்கிற மாதிரி இருக்கும், அழிக்கவும் முடியாது. அதுல அந்தக் காகிதத்துக்கு கைரேகை மாதிரி இருக்கற ஒரு அடையாளம் மட்டும்தான் போகணும், காகிதம் போகவே கூடாது. இதை மனசுல வெச்சுக்கிட்டு மேல படிங்க.

1. தேட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பழைய ஓட்டையை அடைங்க

நேரம் அரை மணி, செலவு இல்ல.

மத்திய தொலைத்தொடர்பு துறையோட சஞ்சார் சாத்தி தளத்துக்கு போங்க, உங்க பேர்ல எத்தனை மொபைல் இணைப்பு இருக்குன்னு காட்டும், உங்க நம்பருக்கு ஓடிபி வரும் அவ்வளவுதான். தெரியாத நம்பர் இருந்தா "இது என் நம்பர் இல்ல"ன்னு குறிச்சு அனுப்பலாம். ஒருத்தர் பேர்ல 9 சிம் வரைக்கும் அனுமதி இருக்கறதால, ரெண்டு மூணு அதிகமா இருந்தா யாருக்கும் உறுத்தாது, நாமதான் பாக்கணும்.

அடுத்து மை ஆதார் தளத்துல உள்ள போய் பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழி பதிவு) லாக் பண்ணிடுங்க. அங்கேயே உங்க ஆதாரை கடைசி 6 மாசத்துல எங்கெல்லாம் சரிபார்த்திருக்காங்கங்கற பட்டியல் இருக்கும், அதையும் ஒரு தடவை பாருங்க.

இதுல மாட்டிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. ஆதார்ல இணைச்ச மொபைல் நம்பர் பழசா இருந்தா ஓடிபி வராது, இனி சொல்லப்போற எதுவுமே நடக்காது. ஆதார் மையத்துக்கு நேர்ல போய் மாத்தலாம், 75 ரூபா, ஆனா நம்பர் மாற சில நாள் ஆகும். அதனால வீடு பாக்கற வேலைக்கு முன்னாடியே இதை முடிச்சுடுங்க.

ஏற்கனவே பணம் போயிருந்தா 1930க்கு உடனே போன் பண்ணுங்க, மறுநாள் பாத்துக்கலாம்னு விடாதீங்க.

2. வீடு தேடறதுக்குன்னே ஒரு நம்பர், ஒரு மெயில், ஒரு யுபிஐ ஐடி

ஆப்ல நம்பர் போட்ட ரெண்டாவது நாளே பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ், பெயின்டர், லோன் ஏஜென்ட்னு எல்லாரும் கூப்பிட ஆரம்பிப்பாங்க. தனியா இருக்கற பொண்ணுங்களுக்கு ராத்திரி 11 மணிக்கு "வீடு இன்னும் வேணுமா"ன்னு வர்ற கால் எப்படி இருக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. ரெண்டாவது சிம் ஒண்ணு, குறைஞ்ச ரீசார்ஜ்ல, ரெண்டு மாசத்துக்கு போதும். பேங்க்லயும் ஆதார்லயும் இணைச்ச நம்பரை தயவு செஞ்சு ஆப்ல போடாதீங்க.

யுபிஐ ஐடியிலயும் கவனம் வேணும். நிறைய பேருக்கு மொபைல் நம்பரே ஐடியா இருக்கும், டோக்கன் அட்வான்ஸ் அனுப்பும்போது நம்பர் கூடவே போயிடும். பெரும்பாலான யுபிஐ ஆப்ல வேற பேர்ல ஐடி உருவாக்கிக்கலாம், ரெண்டு நிமிஷ வேலை.

நீங்க ஓனரா இருந்து உங்க வீட்டை ஆப்ல போடறீங்கன்னா படத்தை கவனிங்க. போன்ல லொகேஷன் ஆன்ல வெச்சு எடுத்த படத்துக்குள்ள அந்த இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகை எழுதி இருக்கும். காலியா கிடக்கிற வீட்டோட சரியான முகவரியை படம் வழியா ஊருக்கு சொன்ன மாதிரி ஆயிடும், அதனால கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷனை ஆஃப் பண்ணிட்டு எடுங்க. அப்புறம் "நான் ஆர்மியில இருக்கேன், வீடு பாக்காமலே அட்வான்ஸ் அனுப்பறேன், இந்த கியூஆர் ஸ்கேன் பண்ணி பின் போடுங்க"ன்னு யாராவது சொன்னா அப்பவே போனை வெச்சுடுங்க. பணம் வாங்கறதுக்கு பின் தேவையே இல்ல.

3. எந்தக் கட்டத்துல எதைக் கொடுக்கணும்னு முடிவு பண்ணிட்டு போங்க

போன தடவை நான் பண்ணின பெரிய தப்பு இதுதான், வீட்டை பாக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் கொடுத்தது. இந்த தடவை எனக்கு நானே ஒரு வரிசை எழுதி வெச்சுக்கிட்டேன்.

வீடு பாக்கறதுக்கு முன்னாடி, பேர், எத்தனை பேர் இருப்போம், எப்போ குடி வருவோம். இதுக்கு மேல எதுவும் இல்ல. வீடு பிடிச்சு வாடகை பேசி முடிச்ச அப்புறம், எங்க வேலை பாக்கறேன்ங்கறதும், நேர்ல வெச்சு ஸ்க்ரீன்ல மாஸ்க்டு ஆதாரும் (முதல் 8 இலக்கம் மறைச்சது), அதாவது காட்டறது மட்டும், அனுப்பறது இல்ல. டோக்கன் கொடுக்கும்போது, யாருக்கு எதுக்குன்னு குறிப்பு எழுதின காப்பி, எப்படின்னு அடுத்து சொல்றேன். பதிவுக்குத் தேவையான மத்ததெல்லாம் அக்ரிமென்ட் அன்னிக்கு.

"எல்லாரும் குடுக்கறாங்கம்மா, உனக்கு மட்டும் என்ன?"ன்னு ஒரு ஓனர் அங்கிள் கேட்டாரு. கோவப்படாம, "நான் தரமாட்டேன்னு சொல்லல அங்கிள், நான் யாருன்னு நீங்க தெரிஞ்சுக்கணும் அது நியாயம், கடைசி நாலு நம்பரும் போட்டோவும் பேரும் இருக்கற ஆதார் தர்றேன், அரசாங்கமே கொடுக்கறதுதான்"னு சொன்னேன். கொஞ்சம் யோசிச்சாரு, ஒத்துக்கிட்டாரு. ஒத்துக்காத வீடும் ரெண்டு இருந்துச்சு, விட்டுட்டேன்.

தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது: 2018 செப்டம்பர் 26 அன்னிக்கு வந்த ஆதார் தீர்ப்புல உச்ச நீதிமன்றம், தனியார் நிறுவனங்கள் ஆதாரை கேக்க வழி வெச்ச 57வது பிரிவோட பகுதியை செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஆப்காரங்க "ஆதார் நம்பர் போட்டாதான் வெரிஃபைட் பேட்ஜ்"னு சொன்னா டிரைவிங் லைசென்ஸ், வோட்டர் ஐடின்னு வேற வழி இருக்கான்னு கேளுங்க, பெரும்பாலும் ஒரு மூலையில இருக்கும்.

4. மாஸ்க்டு ஆதார் எடுத்து, ஒவ்வொரு காப்பியிலயும் பேர் எழுதுங்க

மை ஆதார் தளத்துல டவுன்லோட் பண்ணும்போது மாஸ்க்டுன்னு ஒரு டிக் பாக்ஸ் இருக்கும், டிக் பண்ணினா முதல் 8 இலக்கம் மறைஞ்சு கடைசி 4 மட்டும் தெரியற பிடிஎஃப் வரும். இலவசம்தான். அதோட பாஸ்வேர்டு உங்க பேரோட முதல் 4 எழுத்து, ஆங்கிலத்துல பெரிய எழுத்தா, அதோட பிறந்த வருஷம். ஆமா, உங்களைத் தெரிஞ்ச யாரும் கண்டுபிடிக்கலாம், அதனால பாஸ்வேர்டு இருக்குன்னு நம்பி அந்த பிடிஎஃப்ஐ அப்படியே அனுப்பாதீங்க. முடிஞ்சா ப்ரௌசிங் சென்டர்ல இதை எடுக்காதீங்க, வேற வழி இல்லன்னா டவுன்லோட் ஃபோல்டர்லயும் ரீசைக்கிள் பின்லயும் அழிச்சுட்டு எழுந்திருங்க.

2022 மே மாசம் ஆதார் ஆணையத்தோட பெங்களூர் அலுவலகம் "ஆதார் ஜெராக்ஸை யாருக்கும் கொடுக்காதீங்க, மாஸ்க்டு கொடுங்க"ன்னு ஒரு அறிவிப்பு விட்டுச்சு, ரெண்டே நாள்ல அதை வாபஸ் வாங்கி, வழக்கமான கவனத்தோட இருந்தா போதும்னு சொல்லிட்டாங்க. வாபஸ் வாங்கினதால மாஸ்க்டு செல்லாதுன்னு சில பேர் சொல்லிட்டு திரியறாங்க, அது தப்பு.

இப்போ முக்கியமான வேலை. அந்த பிடிஎஃப்ஐ படமா மாத்தி, முகத்துக்கும் எழுத்துக்கும் மேல குறுக்க "வீட்டு வாடகைக்கு மட்டும், இன்னாருக்கு கொடுத்தது, தேதி"ன்னு எழுதுங்க. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி காப்பி. நாளைக்கு எங்கயாவது வெளிய வந்தா யார் கையில இருந்து போச்சுன்னு அந்த காப்பியே சொல்லும். எனக்கு போன தடவை இல்லாதது இதுதான்.

சேலரி ஸ்லிப்ல பேங்க் அக்கவுன்ட் நம்பர், பிஎஃப் யுஏஎன் நம்பர், பான் மூணும் இருக்கும். பிடிஎஃப்ல கறுப்பு பெட்டி வெச்சு மறைச்சா அந்தப் பெட்டியை நகர்த்திப் பாத்துடலாம், கீழ எழுத்து அப்படியே இருக்கும். மறைச்சுட்டு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அந்த படத்தை அனுப்புங்க. அதை விட நல்லது, எச்ஆர் கிட்ட "இவர் இங்க வேலை பாக்கறார்"னு ஒரு பக்க லெட்டர் வாங்கறது. எனக்கு ரெண்டு நாள் ஆச்சு, ஓனருக்கும் அதுதான் பிடிச்சுது.

5. ஓனரையும் நீங்க சரி பாருங்க

பிரைவசின்னா நம்மளை மறைச்சுக்கிறது மட்டும் இல்ல, தப்பான ஆள் கையில கொடுக்காம இருக்கறதும்தான். இபி பில், வீட்டு வரி ரசீது ரெண்டுலயும் பேர் பாருங்க, ஓனர் சொல்ற பேரோட ஒத்துப் போகுதான்னு பாருங்க. சந்தேகம் இருந்தா பத்திர எண்ணோ சர்வே எண்ணோ கேட்டு, தமிழ்நாடு பதிவுத்துறை தளத்துல வில்லங்கச் சான்று பாருங்க, ஆன்லைன்ல பாக்க காசு கிடையாது. டோக்கன் அனுப்பறதுக்கு முன்னாடி 1 ரூபா அனுப்பி, பேங்க்ல பதிவான பேர் என்ன வருதுன்னு பாத்துக்கோங்க.

ஓனரோட பான் உங்களுக்கு தேவைப்படும். வருஷ வாடகை 1 லட்சத்தை தாண்டினா ஆபீஸ்ல எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) வரிக் கழிவுக்கு கேப்பாங்க, மாச வாடகை 50,000க்கு மேலன்னா நீங்க 2 சதவீதம் டிடிஎஸ், அதாவது வாடகையில இருந்தே பிடிக்கற வரி, பிடிச்சு கட்டணும். அவங்க பானை நீங்களும் அதே மரியாதையோட வெச்சுக்கோங்க, ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க.

6. டோக்கன், அக்ரிமென்ட், பதிவு

2019 பிப்ரவரி 22ல இருந்து அமல்ல இருக்கற தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இருக்கணும், வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணணும், அதுக்குன்னு அரசு போர்ட்டல் இருக்கு. அட்வான்ஸ் 3 மாச வாடகைக்கு மேல கேக்கக் கூடாது, ரெண்டு பேரும் வேற மாதிரி ஒத்துக்கிட்டு எழுதினா தவிர. சென்னையில 5 மாசம், 6 மாசம் கேக்கறாங்கன்னா அந்த "தவிர"தான் காரணம், கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே பேசுங்க.

அக்ரிமென்ட் டைப் பண்ற கடையில ஒரு விஷயம் பாருங்க. போன வருஷம் யாரோ ஒருத்தருக்கு அடிச்ச ஃபைலை திறந்து அதுல பேரை மாத்திதான் நமக்கு அடிப்பாங்க, அப்போ அந்த யாரோ ஒருத்தரோட ஆதார் நம்பரும் அப்பா பேரும் ஸ்க்ரீன்ல நமக்குத் தெரியும். அடுத்த வருஷம் நம்மது இன்னொருத்தருக்குத் தெரியும். நான் வீட்லயே டைப் பண்ணி, ஆதார் இடத்துல கடைசி 4 இலக்கம் மட்டும் போட்டு, பென் டிரைவ்ல கொண்டு போய் முத்திரைத்தாள்ல பிரிண்ட் மட்டும் எடுத்தேன், முன்னாடியே நின்னு அவங்க கம்ப்யூட்டர்ல இருந்து அழிக்கச் சொன்னேன். முகம் கோணாம செஞ்சாங்க.

அரசு போர்ட்டல்ல பதிவுக்கு அடையாள விவரம் கேக்கும், அது சட்டப்படி கேக்கறது, கொடுக்கத்தான் வேணும். ஆனா அதை ஓனர் பையனோ புரோக்கரோ ஏத்தறேன்னு சொன்னா வேண்டாம், பக்கத்துல உக்காந்து நீங்களே ஏத்துங்க.

7. வீட்டோட நிலைமைக்கு பிளாக்செயின் முத்திரை போடுங்க

இதுக்குத்தான் இந்த முழுக் கட்டுரையும். எனக்கு 40,000 போனது இது தெரியாமதான்.

சாமான் இறக்கறதுக்கு முன்னாடி, காலி வீட்டை முழுசா படம் எடுங்க. சுவர், சீலிங், பாத்ரூம் டைல்ஸ், குழாய், கதவு தாழ்ப்பாள், இபி மீட்டர் ரீடிங், எல்லாம். ஒரு ரூமுக்கு ஒரு வீடியோ. சொந்த சாமான் எதுவும் படத்துல வரக்கூடாது. எல்லாத்தையும் ஒரே ஜிப் ஃபைலா கட்டுங்க.

இப்போ அந்த ஜிப்புக்கு ஷா-256ங்கற கணக்கு போட்டா 64 எழுத்துல ஒரு நீளமான அடையாளம் வரும், அதை ஹேஷ்னு சொல்வாங்க. அந்த ஜிப்புக்குள்ள ஒரு படத்துல ஒரு புள்ளி மாறினாலும் ஹேஷ் மொத்தமா வேற ஆயிடும், ஆனா ஹேஷை வெச்சு படத்தை யாராலும் திரும்ப வரவழைக்க முடியாது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாத்துலயும் இதைக் கணக்கு போடற கமாண்ட் உள்ளயே இருக்கு, எதையும் வாங்க வேண்டாம்.

அந்த ஹேஷுக்கு தேதி முத்திரை வாங்க நான் பயன்படுத்தினது ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ்ங்கற தளம். இலவசம், கணக்கு தொடங்க வேண்டாம், மெயில் கூட கேக்காது, கிரிப்டோ (பிட்காயின் மாதிரி டிஜிட்டல் காசு) எதுவும் வாங்க வேண்டாம். தளத்துல ஃபைலை இழுத்துப் போட்டா ஹேஷ் கணக்கு உங்க ப்ரௌசர்லயே நடக்கும், படம் உங்க கம்ப்யூட்டரை விட்டு வெளிய போகாது. ஆயிரக்கணக்கான பேரோட ஹேஷை ஒண்ணா சேர்த்து மரம் மாதிரி கட்டி, அதோட உச்சியை மட்டும் பிட்காயின் சங்கிலியில எழுதறாங்க, அதனாலதான் செலவு யாருக்கும் தெரியறதில்ல, சங்கிலியைப் பாக்கறவங்களுக்கு உங்க பேரோ வீடோ எதுவும் தெரியறதும் இல்ல. உடனே ஒரு சின்ன சான்று ஃபைல் டவுன்லோட் ஆகும். பிட்காயின்ல ஒரு பிளாக் சராசரியா 10 நிமிஷத்துக்கு ஒண்ணு வந்தாலும் முத்திரை உறுதியாக சில மணி நேரம் ஆகும், சாயங்காலம் போட்டுட்டு மறுநாள் காலையில அதே தளத்துல ஜிப்பையும் சான்றையும் சேர்த்துப் போட்டு சரி பாருங்க, எந்த பிளாக், எந்த தேதின்னு காட்டும்.

இங்க மூணு இடத்துல எல்லாரும் விழறாங்க. முதல்ல, படத்தை வாட்ஸ்அப்ல சாதாரணமா அனுப்பினா அது சுருக்கி அனுப்பும், ஹேஷ் மாறிடும், முத்திரைக்கும் அந்த படத்துக்கும் சம்பந்தம் இல்லாம போயிடும். ஜிப்பை டாக்குமென்ட்டா அனுப்புங்க, இல்ல மெயில்ல லிங்கா அனுப்புங்க. ரெண்டாவது, ஜிப்பை பிரிச்சு மறுபடி கட்டினாலும் ஹேஷ் மாறும், அதனால முதல்ல கட்டின ஜிப்பை தொடாம ரெண்டு இடத்துல வெச்சுக்கோங்க, சான்று ஃபைலையும் கூடவே. ஜிப்பும் சான்றும் ரெண்டும் இருந்தாதான் பயன், ஒண்ணு தொலைஞ்சாலும் இன்னொண்ணு வெறும் ஃபைல். மூணாவது, முத்திரை சொல்றது "இந்த ஃபைல் இந்த தேதிக்கு முன்னாடியே இருந்துச்சு"ங்கறதை மட்டும்தான். எந்த வீடுன்னோ யார் எடுத்ததுன்னோ சொல்லாது.

அந்த மூணாவது ஓட்டையை அடைக்க நான் பண்ணினது இதுதான். அக்ரிமென்ட் கையெழுத்துக்கு முந்தின நாளே ஓனரை கூட வெச்சுக்கிட்டு படம் எடுத்தேன், அந்த 64 எழுத்தையும் அக்ரிமென்ட்ல கடைசி பக்கத்துல "வீட்டின் நிலையைக் காட்டும் படங்கள் அடங்கிய ஃபைலின் அடையாளம்"னு ஒரு வரியா டைப் பண்ணி, ரெண்டு பேரும் பக்கத்துல கையெழுத்து போட்டோம். 64 எழுத்தையும் கையால அடிக்காதீங்க, காப்பி பேஸ்ட் பண்ணுங்க. இப்போ படம் இந்த வீட்டோடது, இந்த ஓனருக்கு தெரிஞ்சு எடுத்ததுன்னு காகிதமே சொல்லுது, தேதியை சங்கிலி சொல்லுது, படம் என்கிட்டயும் அவர்கிட்டயும் மட்டும் இருக்கு.

கோர்ட்ல இது நிக்குமான்னு கேப்பீங்க. 2024 ஜூலை 1ல இருந்து சாட்சியச் சட்டத்துக்கு பதிலா வந்த பாரதிய சாட்சிய அதினியம், மின்னணு ஆவணத்துக்கு 63வது பிரிவுல ஒரு சான்றிதழ் கேக்குது, அந்த சான்றிதழ் படிவத்துலயே ஹேஷ் எழுத இடம் இருக்கு, ஷா-256 பேர் போட்டே இருக்கு. அதனால ஹேஷ்ங்கறது சட்டத்துக்கு புதுசு இல்ல. சான்றிதழ்ல ஒரு பகுதியை நீங்களும் இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்பணும், அந்த அளவுக்குப் போனா வக்கீலைப் பாருங்க. என் அனுபவத்துல அந்த அளவுக்கு போக வேண்டியே வராது, கையெழுத்து போட்ட வரி ஒண்ணு இருந்தாலே பேச்சு மாறிடும்.

8. சங்கிலியில எதை ஏத்தவே கூடாது

சில புது வாடகை ஆப்கள் "உங்க ஆதாரை நாங்க வெக்கறதில்ல, ஹேஷ் மட்டும்தான் பிளாக்செயின்ல வெக்கறோம்"னு பெருமையா சொல்லும். இதைக் கேட்டு நிம்மதி ஆகாதீங்க. என் வீட்டுப் படம் மாதிரி பெரிய ஃபைலோட ஹேஷ் வேற, 12 இலக்க நம்பரோட ஹேஷ் வேற. ஆதார் 0லயோ 1லயோ தொடங்காது, கடைசி இலக்கம் மத்த 11ல இருந்து கணக்கு பண்ணி வர்றது, அப்போ மொத்தமா இருக்கக்கூடிய நம்பர் 8000 கோடிதான். கேம் விளையாடற ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒரு நொடிக்கு பல நூறு கோடி ஹேஷ் போடும். எல்லா நம்பருக்கும் ஹேஷ் போட்டுப் பாத்து உங்களதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிஷமே போதும். மொபைல் நம்பர் இன்னும் சுலபம், 400 கோடிக்குள்ள அடங்கிடும். அழிக்க முடியாத இடத்துல அது உக்காந்திருக்கும்.

ஆப்காரங்ககிட்ட கேக்க வேண்டிய கேள்வி: "ஹேஷ் போடறதுக்கு முன்னாடி யாராலயும் ஊகிக்க முடியாத நீளமான ரகசிய எண் சேக்கறீங்களா, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சேக்கறீங்களா, நான் போகும்போது அதை அழிச்சுடுவீங்களா?" அந்த ரகசிய எண்ணை சால்ட்னு சொல்வாங்க, அதை அழிச்சுட்டா சங்கிலியில இருக்கற ஹேஷ் வெறும் எழுத்துக் குவியல். இதுக்கு நேரா பதில் வரலன்னா அந்த ஆப் வேண்டாம்.

2023ல வந்த தனிநபர் தரவு பாதுகாப்புச் சட்டத்துல தப்பை திருத்தச் சொல்லவும் தேவை முடிஞ்சா அழிக்கச் சொல்லவும் நமக்கு உரிமை இருக்கு. விதிகள் 2025 நவம்பர்ல வந்துச்சு, ஆனா இந்த உரிமையும் நிறுவனங்களோட முக்கிய கடமைகளும் அதுல இருந்து 18 மாசம் கழிச்சுதான் அமலுக்கு வருது. அழிக்கவே முடியாத இடத்துல ஆள் விவரத்தை வெச்சுட்டு இந்த உரிமையை எப்படி மதிப்பாங்க? அதனாலதான் சொல்றேன், ஏத்தறதுக்கு முன்னாடி யோசிக்கணும்.

9. வாலட், கிரிப்டோ வாடகை, ஜீரோ நாலெட்ஜ்

வாடகையை கிரிப்டோவுல கட்டாதீங்க. 2022ல இருந்து லாபத்துல 30 சதவீதம் வரி, மாத்தும்போது 1 சதவீதம் டிடிஎஸ், அது ஒரு பக்கம். பிரைவசிக்கும் அது எதிரி, ஒரு வாலட்ல இருந்து, அதாவது கிரிப்டோ வெக்கிற கணக்குல இருந்து, மாசா மாசம் 5ம் தேதி ஒரே தொகை போனா அந்த முகவரியை ஒரு தடவை உங்களோட பொருத்திப் பாத்தவங்க உங்க இருப்பு, செலவு எல்லாத்தையும் உக்காந்த இடத்துல இருந்து பாக்கலாம். ஆப் வாலட் கேட்டே ஆகணும்னா அதுக்குன்னு புதுசா ஒண்ணு, காசு இல்லாதது, வேற எங்கயும் பயன்படுத்தாதது.

பிளாக்செயின்னு பேர் இருந்தாலே பத்திரம்னு நம்பறதும் வேண்டாம். வீட்டை ஆளுக்கு ஆள் வாடகைக்கு விட பிளாக்செயின்ல தளம் கட்டறோம்னு வந்த பீ டோக்கன், 2018 ஜனவரி கடைசியில தன்னோட கிரிப்டோ காசை வித்தப்போ, அவங்க பேர்லயே போலி மெயில் போய் பணம் போட வந்தவங்க சுமார் 10 லட்சம் டாலரை திருடன் முகவரிக்கு அனுப்பிட்டாங்க. சங்கிலியை யாரும் உடைக்கல, மெயிலை நம்பினதுதான் காரணம்.

உண்மையிலேயே எனக்கு நம்பிக்கை தர்றது ஜீரோ நாலெட்ஜ் ப்ரூஃப், அதாவது விவரத்தைக் காட்டாமலே அது உண்மைன்னு நிரூபிக்கற முறை. ஆதார் கியூஆர்ல ஆதார் ஆணையத்தோட டிஜிட்டல் கையெழுத்து இருக்கு. எதீரியம்ங்கற பிளாக்செயினுக்குப் பின்னால இருக்கற எதீரியம் ஃபவுண்டேஷனைச் சேர்ந்த குழு ஒண்ணு செஞ்ச அனான் ஆதார்ங்கற ஓப்பன் சோர்ஸ் கருவி, அந்த கையெழுத்து உண்மைங்கறதையும் நீங்க 18 வயசுக்கு மேலங்கறதையும் மட்டும் நிரூபிச்சுட்டு பேர், நம்பர், முகவரி எதையும் வெளிய விடாம இருக்கும். நான் என் ஆதார்ல முயற்சி பண்ணிப் பாத்தேன், வேலை செய்யுது. ஆனா அதை நான் பாத்த ஒரு ஓனரும் ஏத்துக்கல, வீடு தேடற அவசரத்துல அதை நம்பி உக்காராதீங்க. ஆப் நடத்தறவங்க யாராவது இதைப் படிச்சா, வெரிஃபைட் பேட்ஜுக்கு ஆதார் படம் கேக்கறதுக்கு பதிலா இதைக் கொண்டு வாங்க, உண்மையாவே கேக்கறேன்.

10. குடி போன அப்புறமும், காலி பண்ணும்போதும்

குடி போன அதே வாரம் ஆப்ல கணக்கை அழிங்க, ஆப்பை போன்ல இருந்து தூக்கினா கணக்கு அழியாது, உள்ள போய் டெலீட் கொடுக்கணும். வீடு அமையாம போன ஓனர்களுக்கு "என் அடையாள காப்பியை அழிச்சுடுங்க, அழிச்சதும் சொல்லுங்க"ன்னு ஒரு மெசேஜ் போடுங்க. இந்த தடவை நான் காப்பி கொடுத்ததே 2 பேருக்குத்தான், ரெண்டு பேரும் பதில் போட்டாங்க. வீடு தேடின சிம்மை ரெண்டு மாசம் கழிச்சு விடறதுக்கு முன்னாடி அந்த நம்பர்ல எந்த ஓடிபியும் இணைச்சு வெக்கலயான்னு பாத்துக்கோங்க, அந்த நம்பர் வேற ஒருத்தருக்குப் போகும்.

மொத்த செலவு எனக்கு ரெண்டாவது சிம் ரீசார்ஜ், முத்திரைத்தாள், பிரிண்ட், அவ்வளவுதான், பிளாக்செயின் வேலைக்குன்னு ஒரு பைசா ஆகல.

காலி பண்ற அன்னிக்கு சாமான் ஏத்தின அப்புறம் மறுபடி அதே வரிசையில படம் எடுத்து, ஜிப் கட்டி, முத்திரை போட்டு, சாவி கொடுக்கறதுக்கு முன்னாடி ஓனருக்கு மெயில்ல அனுப்பிடுங்க. சாவி கொடுத்த அப்புறம் எடுக்கற படத்துக்கு மதிப்பு பாதிதான். பெயின்டிங்க்கு ஒரு மாச வாடகை பிடிக்கறது நிறைய இடத்துல வழக்கமா வெச்சிருக்காங்க, அக்ரிமென்ட்ல என்ன எழுதி இருக்குன்னு அன்னிக்கு காலையிலயே ஒரு தடவை படிச்சுட்டு, ரெண்டு ஜிப்பையும் லேப்டாப்ல திறந்து வெச்சுக்கிட்டு பேச உக்காருங்க.